கடைசி வரிசைக் காற்று

செவ்வாய்க் கிரகத்தின் மருதம் குடியிருப்பில் மணி அடித்ததும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் புத்தகத்தைத் திறப்பதில்லை. முதலில் மூக்குக்குழாயை மேசையில் செருகுவார்கள். குகைக்குள் குடைந்த பள்ளிக்கூடம்; அறைக் காற்று மெலிது, சுவாசத்துக்கு உதவாது. முதல் வரிசை மேசைகளுக்குக் காற்று தயாரிக்கும் ஆலையிலிருந்து நேராகப் புதுக்காற்று வரும். அந்தப் பிள்ளைகள் விட்ட மூச்சு வடிகட்டப்பட்டு இரண்டாம் வரிசைக்குப் போகும். அவர்கள் விட்டது மூன்றாம் வரிசைக்கு.

பூமியிலிருந்து முதல் கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு முதல் வரிசை. இரண்டாம் கப்பலுக்கு இரண்டாவது. மூன்றாம் கப்பலுக்குக் கடைசி. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. கேட்டால் வழக்கம் என்பார்கள். சட்டமாக இருந்தால் எதிர்த்து ஒரு மனுவாவது போடலாம்.

வகுப்பெடுத்தது ஓர் இயந்திர ஆசிரியை. பிள்ளைகளுக்கு அது டீச்சர். பொய்யைக் கற்பித்துவிடக் கூடாதே என்று அதற்குள் ‘மெய்யறி’ என்றொரு சிறு பகுதியை வைத்திருந்தார்கள்.

அன்று சமூக அறிவியல், முதல் பாடம். "நாம் அனைவரும் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம்" என்று டீச்சர் வாசித்தது.

கடைசி வரிசையில் முகிலா கொட்டாவி விட்டாள். மதியத்துக்குள் அவளுக்குத் தலைவலி வந்துவிடும், எண்கள் மங்கும். மக்கு என்று பெயர் வாங்கியிருந்தாள்.

"ஒரே காத்துதான் டீச்சர். ஆனா எங்ககிட்ட வர்றதுக்குள்ள ரெண்டு வரிசை மூச்சு விட்டுருதே?"

முதல் வரிசை சிரித்தது. மெய்யறி சிரிக்கவில்லை, மூன்று வரிசைக் காற்றையும் சோதித்தது. பாடத்தில் இருந்தது பொய். பாடத்தை மாற்ற டீச்சருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளை இடம் மாற்றி உட்காரவைக்க அதிகாரம் இருந்தது. மறுநாளிலிருந்து தினம் ஒரு வரிசை நகர்ந்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசைக்கு வந்த அன்று முகிலா பதினாறாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொன்னாள்.

உடனே பெற்றோர் கூட்டம் கூடியது.

"எங்க தாத்தா உயிரைப் பணயம் வெச்சு முதல்ல வந்தவரு" என்றார் முதல் கப்பல் தில்லைநாயகம். "அவரு பேரன் கடைசி பெஞ்சுல உக்காந்து எச்சில் காத்தைக் குடிக்கணுமா?"

"முன்னாடி போகணும்னு நாங்க கேக்கல" என்றாள் இரண்டாம் கப்பல் சொர்ணவள்ளி. "பின்னாடி போக மாட்டோம். அவ்ளோதான்."

டீச்சர் முகிலாவின் அப்பா மாசிலாமணி பக்கம் திரும்பியது. "நீங்க சொல்லுங்க சார். உங்க பொண்ணுக்கு இப்ப தலைவலி வர்றதில்ல."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இருக்கட்டும் டீச்சர். அடுத்த மாசம் நாலாவது கப்பல் வருதுல்ல? நாலாவது வரிசை போட்டுருவாங்க. எம்பொண்ணுக்குப் பின்னாடியும் ஆள் வந்துரும். இத்தனை வருஷம் பொறுத்தாச்சு. இப்பப் போய் வழக்கத்தை மாத்தினா எப்படி?"

நாலாவது வரிசை வருவதால் மூன்றாம் வரிசைக் காற்று ஒரு துளிகூடச் சுத்தமாகிவிடாது. அது அவருக்கும் தெரியும்.

மூன்று கப்பல்காரர்களும் முதல்முறையாக ஒன்றாகக் கை தூக்கினார்கள். மெய்யறியைக் கழற்றி எடுத்தாயிற்று. முகிலா பழைய இடத்துக்குப் போனாள். தலைவலியும் திரும்பி வந்தது.

அடுத்த மாதம் பூமியிலிருந்து நாலாவது கப்பலில் பூவிழி என்றொரு சிறுமி வந்து சேர்ந்தாள். முதல் வரிசையில் ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. அதை ஏறிட்டும் பார்க்காமல் நேரே நாலாம் வரிசைக்குப் போய்க் குழாயைச் செருகிக்கொண்டாள்.

முகிலா திரும்பினாள். "ஏய், அங்கதான் உக்காரணும்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. எங்க ஊரு ஸ்கூல்லயும் எனக்குக் கடைசி இடந்தான்."

"அங்கயும் பின்னாடி வந்தா பழைய காத்துதானா?"

"அங்க ஏது குழாய்? ஜன்னல் இருக்கும். நிஜமாவே எல்லாருக்கும் ஒரே காத்துதான்."

"அப்புறம் எதுக்கு உன்னைப் பின்னாடி உக்காரவெச்சாங்க?"

பூவிழி யோசித்துப் பார்த்தாள். பூமியில் அவள் படித்த சமூக அறிவியல் புத்தகத்தில் அதைச் சொல்லும் பாடம் இல்லை.