பெயர் சொல்லாத இரங்கற்பா

மதியம் மூன்று மணிக்கு அந்தப் பழைய பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோது எனக்குப் பயம் எதுவும் இல்லை. கோபம்தான் இருந்தது. ஈரச் சுவரின் வாடையோடு நிலக்கரிப் புகையும் நாசியில் ஏறியது. அங்கே அடுப்பு மூட்டி ஐம்பது வருஷம் இருக்கும். புகை எங்கிருந்து வருகிறது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கல்வெட்டுத் திறப்பு விழாவுக்கு எங்கள் கும் எலின் ஊரே பெஞ்சுகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தது. நடுவில் கறுத்துப்போன ஓக் நாற்காலி. என் எள்ளுத்தாத்தா இத்தெல் ப்ராஸர் கவிதைப் போட்டியில் பரிசாக வென்றது. விக்டோரியா ராணி காலத்தில் இந்தப் பள்ளியின் வாத்தியார் அவர்; கல்வெட்டும் அவருக்குத்தான். செத்துப்போன ஒரு குழந்தைக்காக அவர் எழுதிய இரங்கற்பாவைச் சொல்லி அழாத வீடு எங்கள் பள்ளத்தாக்கில் கிடையாது. அந்தக் காலத்துக் கவிதை விழாவில் பரிசு அறிவித்தபோது எழுந்து மேடைக்குப் போனார். நாற்காலியில் மட்டும் உட்கார மாட்டேன் என்றுவிட்டார். சாகும் வரை உட்காரவில்லை. குடித்தார். தினமும் நாலு மணி அடித்ததும் வலது கையைக் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். வாதம் என்று வீட்டில் சொல்வார்கள். கவிஞனின் மனசு அப்படித்தான் என்று அப்பா உருகுவார்.

உருகட்டும். எனக்கு முந்தின நாள் காலையில்தான் விஷயம் தெரிந்தது.

விழாவில் நான் வாசிக்க வேண்டிய வாழ்த்துரையைத் தேடி அப்பாவின் அலமாரியைக் குடைந்தேன். பிஸ்கட் டப்பாவுக்குள் பள்ளியின் நாள்குறிப்பேடு இருந்தது. எள்ளுத்தாத்தாவின் கையெழுத்து. கூடவே ஒரு மரக்கட்டை, துளையில் கயிறு கோத்தது. அந்தக் கட்டையைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் பள்ளியில் ஆங்கிலம்தான் பேச வேண்டும்; எங்கள் தாய்மொழியான வேல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் அதை மாட்டுவார்கள். இன்னொரு பிள்ளை வேல்ஷ் பேசியதைக் காட்டிக்கொடுத்தால் கட்டை அந்தப் பிள்ளைக்குப் போய்விடும். நாலு மணிக்கு யார் கழுத்தில் இருக்கிறதோ, அவருக்குப் பிரம்படி. வேல்ஷில் கவிதை எழுதிய மனுஷன் பகலெல்லாம் இதைத்தான் செய்திருக்கிறார்.

ஏட்டில் பதினொரு நாள் ஒரே வரி. ‘கட்டை: மாரெட். வலது கையில் ஆறு அடி.’ ஏழு வயசுப் பெண். அவள் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. பதினொரு நாளும் தானே வைத்துக்கொண்டு நாலு மணிக்குக் கையை நீட்டியிருக்கிறாள். பன்னிரண்டாம் நாள், ‘மாரெட் வரவில்லை. கை சீழ் பிடித்துக் காய்ச்சல்.’ அதற்கு அடுத்த வாரம், ‘மாரெட் அடக்கம். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை.’ அதே பக்கத்தின் ஓரத்தில், அதே மையில், இரங்கற்பாவின் முதல் நாலு வரி.

தானே அடித்துக் கொன்றுவிட்டுத் தானே அழுது பரிசும் வாங்கியிருக்கிறார். பாட்டில் ஓர் இடத்தில்கூட அவள் பெயர் இல்லை.

அப்பாவிடம் ஏட்டை நீட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை. நாற்பது வருஷமாகத் தெரியுமாம். வாத்தியார் என்ன செய்வார், மேலிடத்து உத்தரவு என்றார். மாரெட்டின் பெயரை விழாவில் நான் சொல்லியே தீருவேன் என்றேன்.

“இருபது வருஷம் அலைஞ்சு இந்தக் கல்வெட்டை வாங்கியிருக்கேன்மா,” என்றார். “நாளைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு.”

எழுபது வயசு மனுஷன் கெஞ்சினார். சரி என்று தலையாட்டித் தொலைத்தேன். இன்றைக்கும் என் மேல்தான் எனக்கு அதிகக் கோபம். ஆனாலும் ஏட்டைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கட்டையை டப்பாவிலேயே வைத்து நானே மூடினேன். அது நிச்சயம்.

விழாவில் வாழ்த்துரையை வாசித்து முடித்தேன். நாக்கு கசந்தது. பிறகு அப்பா நாற்காலியின் பின்னால் போய் நின்று, உறையிலிருந்து வாளைப் பாதி உருவினார். கவிஞரை நாற்காலியில் அமர்த்தும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. “அமைதி உண்டா?” என்று மூன்று தடவை கேட்க வேண்டும். “அமைதி” என்று சபை மூன்று தடவை சொன்னால்தான் வாள் உறைக்குள் போகும், கவிஞர் அமரலாம். உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அதெல்லாம். செத்தவர்களுக்கு யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு உட்காராமல் போனவரை இன்றைக்காவது உட்கார வைக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார்.

“அமைதி உண்டா?”

“அமைதி!” கூரை அதிர்ந்தது.

“அமைதி உண்டா?”

“அமைதி.” பாதிப் பேர்தான் சொன்னார்கள். மீதிப் பேர் மூக்கைச் சுளித்துக்கொண்டு புகை வரும் இடத்தைத் தேடினார்கள்.

“அமைதி உண்டா?”

யாரும் வாயைத் திறக்கவில்லை.

சுவர்க் கடிகாரம் நாலு அடித்தது. அது ஓடி எத்தனையோ வருஷம் ஆகிறது.

“இல்ல.”

சின்னக் குரல். பயந்த குரல் இல்லை. நாற்காலிக்குப் பக்கத்திலிருந்து, என் இடுப்பு உயரத்தில் கேட்டது. அந்த அறையில் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது.

அப்பா என்னைத்தான் முறைத்தார். “நீயா?” என்று பல்லைக் கடித்தார்.

 என் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஏட்டை எடுத்துப் பதினொரு நாளையும் வாசித்தேன். மாரெட், மாரெட் என்று பதினொரு தடவை.  முன்வரிசையில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

“பொய்,” என்றார் அப்பா. “அப்படி ஒரு பொண்ணே கிடையாது.”

சொல்லி முடிக்கும்போது அவர் கோட்டின் மேல் ஏதோ தட்டுப்பட்டு ஆடியது.

கட்டை.

மாட்டியவரை யாரும் பார்க்கவில்லை. வாள் கீழே விழுந்தது. அவருடைய வலது கை தானாக எழுந்து, உள்ளங்கை மேலே பார்க்க, விரிந்து நின்றது. பிரம்பு காற்றைக் கிழிக்கும் சத்தத்தை ஊரே கேட்டது. ஆறு தடவை.

அது நடந்து மூன்று வாரமாகிறது. கயிற்றை வெட்டிக் கட்டையை அடுப்பில் போட்டேன். மறுநாள் நாலு மணிக்கு மறுபடி அவர் கழுத்தில் இருந்தது. ஊரார் கல்வெட்டைக் கழற்றச் சொல்கிறார்கள். அப்பா வழக்குப் போடுவேன் என்கிறார். அவர் உள்ளங்கை வெடித்துவிட்டது. டாக்டருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிகிறது. எள்ளுத்தாத்தா வாழ்நாள் முழுக்கக் கையைத் தண்ணீரில் முக்கியது வாதத்துக்கு அல்ல.

தினமும் கேட்கிறேன். “அவ பேர ஒரு தடவ சொல்லுங்கப்பா. போதும்.”

உதட்டை இறுக்கிக்கொள்கிறார். பாட்டுக்குக் களங்கம் வந்துவிடுமாம்.

இன்றைக்கும் நாலு மணிக்கு அவர் கை எழுந்தது. ஆறு அடியும் முடிந்ததும் பாத்திரத்துத் தண்ணீரில் கையை முக்கினார். தண்ணீர் சிவந்தது. சமையலறையில் நானும் அவரும் மட்டும்தான் இருந்தோம். நிலக்கரிப் புகை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம், என் இடுப்பு உயரத்தில், அந்தக் குரல் கேட்டது.

“அமைதி உண்டா?”

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, “அமைதி,” என்றார்.

நான், “இல்ல, மாரெட்,” என்றேன்.

அவர் கை அடுத்த அடிக்காகத் தண்ணீரிலிருந்து மறுபடி எழுந்தது.