மூன்றாவது பூச்சு

மூன்றாம் நாளும் அந்த வெள்ளை காயவில்லை.

அன்வர் சாதிக் சுண்டுவிரல் நுனியால் தொட்டான். விரல் ஒட்டியது, எடுத்தபோது மெல்லிய நூலாக இழுபட்டு அறுந்தது. இருபது நிமிடத்தில் காய்ந்துவிடும் பெயிண்ட் அது. அதே டப்பாவிலிருந்து, அதே பிரஷ்ஷால், சோதனைக்காக ஓர் அட்டைத் துண்டிலும் தடவி வைத்திருந்தான். அது நகம் பட்டதும் பொருக்காக உதிர்ந்தது. பொம்மை ராணுவ டாங்க்குக்கு உள்ளே மட்டும்தான் ஈரம். விரலை மூக்கருகே கொண்டுபோனான். பெயிண்ட் வாசம் இல்லை. கறிக்கடையில் வெட்டுக்கட்டையைக் கழுவாமல் சாக்கைப் போட்டு மூடிவிட்டுப் போனால் மறுநாள் காலையில் ஒன்று வருமே, அந்த வாசம்.

சோப்புப் போட்டு மூன்று தடவை கை கழுவினான். நகக்கண்ணில் வழவழப்பு போகவில்லை.

அன்வருக்கு முப்பத்தெட்டு வயது. செக்காலையில் ஒரு பல் லேபில் டெக்னீஷியன். காரைக்குடியில் பாதிப் பேர் வாய்க்குள் தன் மாப்பிள்ளையின் கைவேலைதான் இருக்கிறது என்று மனைவி ஃபர்சானா கேலி செய்வாள். நாள் முழுக்க அடுத்தவர் பல்லையே பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு வீட்டில் வேறு ஏதாவது வேண்டியிருந்தது. அடுப்படியை ஒட்டிய சாமான் அறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு சின்னச் சின்ன டாங்க், கப்பல், விமானம் என்று செய்வான். அவற்றில் ஒன்றை லேபுக்குக் கொண்டுபோய் வைத்ததுதான் வினையாகிவிட்டது.

பல் செட் ஈறில் உரசுகிறது என்று நாட்டரசன்கோட்டையிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெயர் முத்தரசு. எழுபத்தாறு வயது, பட்டாளத்தில் டாங்க் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒடிசலான உடம்பு. பல் செட்டை மறந்துவிட்டு, மேசை மேலிருந்த பொம்மை டாங்க்கைக் கையிலெடுத்து மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார்.

"உள்ளுக்குள்ள ஒண்ணுமில்லையே தம்பி."

"வெளிப்பக்கம் மட்டுந்தான்யா செய்வேன்."

"உள்ள செய்வீகளா? நான் ஓட்டுன வண்டி, நான் பாத்த வண்டி. ஒரு போல்ட்டு விடாமச் சொல்றேன்."

சொன்னார். நாலு ஞாயிற்றுக்கிழமை அன்வர் வீட்டு மேசைக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்து, கையைக் காற்றில் நீட்டி, "இங்குட்டு லீவர் ரெண்டு, அங்குட்டு பெடல், தலைக்கு மேல மூடி, மூடிக்குக் கைப்பிடி" என்று தடவித் தடவிச் சொன்னார். அன்வர் அதைப் பதினாறில் ஒரு பங்காகச் சுருக்கினான். பல் அச்சு எடுக்கிற த்ரீடி பிரிண்டரிலேயே பீரங்கியின் பின்பக்கமும் குண்டு அடுக்குகளும் நாலு ஆள் உட்காரும் நாலு இருக்கைகளும் உருவாயின. ஒரு முழ நீள டாங்க். மேல்தகட்டைக் கழற்றினால் வயிறு மொத்தமும் தெரியும். டிரைவர் இருக்கைக்கு அடியில் ஒரு தகடு, அதற்கு நாலு போல்ட். அந்தத் தகட்டை மட்டும் பெரியவர் மூன்று தடவை மாற்றிச் செய்யச் சொன்னார். தகட்டுக்கும் தரைக்கும் இடையில் எவ்வளவு சந்து இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு அவ்வளவு கண்டிப்பு.

உள்ளே முழுக்க வெள்ளை அடிப்பார்களாம், இருட்டில் கண் தெரிய. ஸ்பிரே கூடாது, கையால்தான் அடிக்க வேண்டும் என்றார்.

அப்படி அடித்த வெள்ளைதான் காயாமல் கிடந்தது.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்தபோது ஃபர்சானா பிரியாணியை எடுத்து வைத்தாள். நெய்யில் பளபளத்த சோற்றைப் பார்த்ததும் அன்வர் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அடுத்த அறையிலிருந்து அந்த வாசம் கதவிடுக்கு வழியாக வந்து சோற்றின் மேல் படிவதுபோல இருந்தது. இப்போது அதில் டீசலும் சேர்ந்திருந்தது, ஆட்டுத்தலையைத் தீயில் வாட்டும்போது வரும் மயிர்க் கருகலும், எல்லாவற்றுக்கும் அடியில் ஓர் இனிப்பும். அந்த இனிப்புதான் தாங்க முடியாததாக இருந்தது.

"என்ன மச்சான், பிடிக்கலையா?"

"உனக்கு வாசம் வரலையா?"

அவள் சாமான் அறைப் பக்கம் திரும்பி முகர்ந்தாள். "பெயிண்ட் வாசந்தான் வருது."

அவன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து பெரியவருக்குப் போன் போட்டான்.

"ஐயா, உள்ள அடிச்ச பெயிண்ட் காயமாட்டேங்குது."



"வாசம் வருதா தம்பி?"

வாசத்தைப் பற்றி அன்வர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

"வருது."

"மொதத் தடவ காயாது. தொடைச்சுட்டு இன்னொரு தடவ அடிங்க." போன் துண்டிக்கப்பட்டது.

துடைத்தான். லேபில் போடுகிற லென்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தின்னரில் முக்கிய பஞ்சுக் குச்சியால் பக்கச் சுவரைத் தேய்த்தான். பஞ்சு வெள்ளையாக வரவில்லை, பழுப்பாக வந்தது. இரண்டாவது குச்சியும் பழுப்பு. ஏழாவது குச்சியில் வெள்ளை ஒரு தோலாக உரிந்து வந்தது, ஆறிய பாலின் ஆடையைப் போலச் சுருங்கிக்கொண்டு. அதை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் காட்டினான். அந்த ஆடையில் மயிர்க்கால்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு கறுப்பு இழை. பிரஷ் மயிர் என்று நினைத்துக்கொள்ளப் பார்த்தான். ஆனால் அவன் பிரஷ்ஷின் மயிர் செம்பழுப்பு. தவிர அது இதைவிடப் பத்து மடங்கு தடிமன்.

கொல்லைப்பக்கம் ஓடி வாந்தி எடுத்தான். வயிற்றில் ஒன்றுமில்லாததால் மஞ்சள் நீர்தான் வந்தது. திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரண்டாவது பூச்சை அடித்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதுவும் ஈரமாகவே இருந்தது. இருக்கைகளில் நாலு குழிவுகள் தெரிந்தன, யாரோ உட்கார்ந்து எழுந்ததுபோல.

டாங்க்கை அட்டைப்பெட்டியில் வைத்து, ஸ்கூட்டரில் கால்களுக்கிடையே நிறுத்தி, நாட்டரசன்கோட்டைக்குப் போனான். வழியெல்லாம் காற்றடித்தும் வாசம் கலையவில்லை. முத்தரசு வீட்டு வாசலில் அவர் மனைவி ராக்காயி முகமெல்லாம் சிரிப்பாக நின்றார்.

"வாங்க தம்பி, நல்ல நேரத்துல வந்தீக. ஐம்பது வருசமா கறிங்கிற பேச்சே எடுக்காத மனுசன், என் கல்யாணத்தன்னைக்கே எலையை ஒதுக்குன மனுசன், பத்து நாளா கறி கறின்னு கேட்டு வாங்கித் திங்கிறாரு. நீங்க பல்லு வச்ச ராசி."

உள்ளே முத்தரசு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து நல்லி எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மோவாயில் குழம்பு வழிந்து உறைந்திருந்தது. அன்வர் புதிதாகச் செய்துகொடுத்த பல்வரிசை எலும்பில் மோதிச் சத்தம் போட்டது.

"ஐயா, இதை நீங்களே வச்சுக்கங்க. எனக்கு ஒண்ணும் வேணாம்."

முத்தரசு பெட்டியைப் பார்க்கவில்லை. எலும்பைத் தட்டி மஜ்ஜையைக் கையில் கொட்டினார். ராக்காயி அடுப்படிக்குப் போகும்வரை காத்திருந்து, தணிந்த குரலில் பேசினார்.

"எழுபத்தொண்ணு சண்டையில ஒரு டாங்க் அடிபட்டு வந்துச்சு தம்பி. உள்ள நாலு பேரு. எடுக்க முடிஞ்சதை எடுத்துட்டாக. மிச்சத்தக் கழுவுறது என் வேலை. மறுநா அதே வண்டி திரும்பப் போகணும். கழுவுனேன். எல்லாத்தையும் கழுவுனேன். டிரைவர் சீட்டுக்கு அடியில அந்தத் தகடு. நாலு போல்ட்டக் கழட்டித் தகட்ட எடுக்கணும். கையை உள்ள விட்டேன். என்னமோ பட்டுச்சு. கையை வெளிய இழுத்துட்டேன்."

மஜ்ஜையை நக்கினார்.

"கழட்டல. மேல வெள்ளை அடிச்சு மூடிட்டேன். காலையில புதுசா நாலு பயலுக ஏறி ஒக்காந்தாய்ங்க. என்ன வாசம்னு கேட்டாய்ங்க. பெயிண்டுன்னு சொன்னேன்."

"அதை ஏன்யா எங்கிட்ட செய்யச் சொன்னீக?"

"யாராச்சும் ஒருத்தரு கழட்டுவாகன்னுதான். நல்ல கைக்காரரு நீங்க." கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "எனக்கு இப்ப வாசம் வரல தம்பி. பத்து நாளா வரல. எடுத்துட்டுப் போயிருங்க."

ஊருணியில் எறிந்துவிடலாம் என்று வழியில் வண்டியை நிறுத்தினான். படியில் பெண்கள் குடத்தோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள். குடிக்கிற தண்ணீர். எறிய மனம் வரவில்லை. தவிர, அவன் மோசமான மனிதனும் அல்ல. இருந்தது நாலு உயிர். யாரோ பெற்ற பிள்ளைகள். தகட்டைக் கழற்றி, இருப்பதை எடுத்து, ஒரு துணியில் முடிந்து மண்ணில் புதைத்துவிட்டால் என்ன? ஐந்து நிமிட வேலை. வீடு வந்து சேரும்வரை அதையே தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தான்.

பிற்பகல் வெயில் ஜன்னல் வழியாக மேசை மேல் விழுந்தது. வெள்ளைத் துணியை விரித்தான். லென்ஸை மாட்டினான். முதல் மூன்று போல்ட்டைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தான். தகடு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. அந்தச் சந்திலிருந்து வாசம் நேராக மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. இடுக்கியை உள்ளே விட்டான்.

என்னமோ பட்டது.

மெத்தென்று. வெதுவெதுப்பாக. இடுக்கியின் இரும்பு வழியாகவே அந்தச் சூடு விரலுக்கு வந்தது. பிடித்தான். அது வழுக்கியது. மறுபடி பிடித்தான். உள்ளேயிருந்து அது இடுக்கியைப் பிடித்தது.

அன்வர் கையை இழுத்துக்கொண்டான். தகட்டைக் கட்டைவிரலால் அமுக்கினான். பசை. நிறையப் பசை. அதன் மேல் வெள்ளை. பிரஷ்ஷைத் தோய்த்துத் தோய்த்து, சந்து அடைகிற வரைக்கும், போல்ட் தலைகள் மறைகிற வரைக்கும் வெள்ளை.

"முடிஞ்சுதா மச்சான்?" வாசலில் ஃபர்சானா நின்றாள். "முகமெல்லாம் வேர்த்திருக்கீக."

"முடிஞ்சுது. பெயிண்ட் நெடி, வேறொண்ணுமில்லை."

திங்கட்கிழமை காலை தொட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. சுவர், இருக்கை, தகடு எல்லாம் வழுவழுவென்று உலர்ந்த வெள்ளை. முகர்ந்தான். பெயிண்ட் வாசம், வெறும் பெயிண்ட் வாசம். அந்தச் சந்தோஷத்தில் சிரித்தேவிட்டான். பசி திரும்பியது, அதுவும் எப்படிப்பட்ட பசி! ஒரு வாரப் பட்டினிக்கும் சேர்த்து அன்றைக்கும் மறுநாளும் மதியம், ராத்திரி இரண்டு வேளையும் தட்டு தட்டாகச் சாப்பிட்டான். ஃபர்சானா சிரித்துக்கொண்டே பரிமாறினாள்.

புதன்கிழமை மதியம் லேபிலிருந்து வந்ததும், "இந்தா வாரேன்" என்று அடுப்படிக்குக் குரல் கொடுத்துவிட்டு, டாங்க்கை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சாமான் அறைக்குள் போனான்.

எறும்பு. சின்னக் கறுப்பெறும்பு, ஒற்றை வரிசை. டிரைவர் இருக்கைக்கு அடியிலிருந்து வந்தது. வெள்ளைப் பூச்சில் ஊசித்துளை அளவுக்கு ஓர் ஓட்டை. அதிலிருந்து ஒவ்வொன்றாக வெளியேறி, மூடி வழியாக ஏறி, மேசைக்காலில் இறங்கி, சுவரோரமாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துணுக்கு. ரவை.

ரவையா?

லென்ஸ் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தான்.

நாலு முகடு. நடுவில் பள்ளம். அடியில் இரண்டு வேர். பதினான்கு வருடம் பார்த்த வடிவம். கீழ்த்தாடை, இடது பக்கம், கடைவாய்ப்பல். அடுத்த எறும்பிடம் ஒரு முன்பல். அதற்கடுத்ததிடம் கோரைப்பல், பாதி கருகியது. அதற்கடுத்ததிடம் இன்னொரு கடைவாய்ப்பல், சொத்தை அடைத்தது.

வேர்களில் ஈரம் இருந்தது. சிவப்பு.

நாலு பேருக்கு நூற்றிருபத்தெட்டுப் பல். வரிசை அதையும் தாண்டி வந்துகொண்டே இருந்தது. ஓட்டையில் இன்னும் ஒரு எறும்பு. இன்னும் ஒன்று.

குனிந்தபடியே வரிசையைத் தொடர்ந்தான். சுவரோரம். வாசற்படி. அடுப்படித் தரை. அலமாரிக்கால். அரிசி டின். மூடி சரியாகப் பொருந்தாத இடத்தில் உள்ளே இறங்கின. வெறும் வாயோடு வெளியே வந்தன. திரும்பிப் போயின.

"பசி தாங்கல மச்சான், நான் ஒக்காந்துட்டேன்." ஃபர்சானா தரையில் அவனுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து ரசத்தைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தாள். "இந்தத் தடவ அரிசி சரியில்லை. எத்தனை தடவ களைஞ்சாலும் மண்ணு போகல. மூணு நாளா நறநறங்குது. நீங்கதான் பசியில ஒண்ணுமே கவனிக்காம வழிச்சு வழிச்சுச் சாப்பிட்டீக."

அவன் தன் பல் இடுக்குகளை நாக்கால் துழாவினான்.

அவள் நாக்கை நீட்டி, நுனியிலிருந்து எதையோ விரலால் ஒற்றியெடுத்துத் தட்டின் விளிம்பில் தடவினாள். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு இருந்தன. வெள்ளையாக. அன்வர் இன்னும் லென்ஸைக் கழற்றவில்லை.

ஃபர்சானா அடுத்த கவளத்தை உருட்டி வாயில் போட்டு மெல்லத் தொடங்கினாள்.