விக்கி விக்கி ஓடிய மெசின்

திங்கட்கிழமை, காலை 10.40. திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய விளையாட்டுக் கழக மைதானத்தில் பாதிப் புல் வெட்டப்பட்டிருந்தது. மீதிப் பாதியின் தொடக்கத்தில் புல்வெட்டும் மெசின் செத்துக் கிடந்தது.

பொலிஸ் சார்ஜன்ட் பரீதாவுக்கு அன்று அது மூன்றாவது முறைப்பாடு. முழங்கால் வலித்தது. கழகச் செயலாளர் சிவரூபனின் புதுக் கார் வெயிலில் நான்கு கண்ணாடியும் இறக்கியபடி நின்றது.

"வெள்ளிக்கிழமை நல்லா ஓடின மெசின், மிஸ். இண்டைக்கு விக்கி விக்கி ஓடி நிண்டிட்டுது. நிரப்பி வச்ச கேனும் அரைவாசி. இவர் பெற்றோலை வித்துப்போட்டுத் தாங்கிக்குள்ள தண்ணி விட்டிருக்கிறார்!"

சிவரூபன் 'இவர்' என்றது பக்கத்தில் நின்ற இக்னேசியஸை. பதினேழு வருடமாக அங்கே புல் வெட்டுபவர். அவரை வேலையிலிருந்து நிறுத்தும் கடிதம் சிவரூபனின் கையில் தயாராக இருந்தது. கையெழுத்துத்தான் பாக்கி.

"என்ன செய்து பாத்தீங்க அண்ணே?"

"பிளக்கைத் துடைச்சன். சரிவரேல்ல. தண்ணியோ எண்டு மூண்டு தரம் மூடியைத் திறந்து பாத்தனான். பாத்திட்டு இழுத்தா நல்லா ஓடுது. பத்து நிமிசத்தில திரும்பவும் விக்கல்."

பரீதா தாங்கியிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் கண்ணாடிப் போத்தலில் ஊற்றி வைத்தார். அடியில் தண்ணீர் தேங்கவில்லை.

11.05. "இழுங்க அண்ணே."

மெசின் ஓடியது. 11.15க்கு விக்கத் தொடங்கியது. பரீதா குனிந்து தாங்கி மூடியைத் தளர்த்தினார். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது. விக்கல் நின்றது.

"என்ட வாப்பா கிண்ணியாவில மீன் பிடிச்சவர். வள்ளத்து எஞ்சினை இழுக்க முதல் தாங்கி மூடியில காத்துத் திருகைத் தளர்த்துவார். உள்ள காத்துப் போகாட்டி பெற்றோல் வெளிய வராது."

மெசினை நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றிப் புரட்டினார். மூடியில் காற்றுப் போகும் ஊசித் துளையை இளஞ்சிவப்பாக ஏதோ அடைத்திருந்தது. கொண்டையூசியால் கிண்டி முகர்ந்தார்.

"வாசச் சவர்க்காரம். ஒழுக்கை நிப்பாட்ட எல்லாரும் அப்புறதுதான். ஆனா இங்க நிண்டு ஓடுற மெசின் ஏன் ஒழுகுது? வாகனத்தில சாய்ச்சுப் படுக்கவச்சு ஏத்தினாத்தான் ஒழுகும். மெசின் வைக்கிற ஸ்டோரைப் பூட்டுற திறப்பு ஆரட்ட இருக்கு?"

"என்னட்ட ஒண்டு, செயலாளரிட்ட ஒண்டு," என்றார் இக்னேசியஸ்.

"சிவரூபன், ஏசிக் காரை இந்த வெயில்ல ஏன் திறந்து போட்டிருக்கிறீங்க? பெற்றோல் மணம் போகேல்லையோ?"

சிவரூபனின் முகம் வெளிறியது.

"கப்பல்துறை ஊரில எங்கட வீட்டு வளவு, மிஸ்... மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்திய வீடு. சனிக்கிழமை காரில கொண்டுபோய் ஒருக்காப் புல்லு வெட்டினனான். சவர்க்காரத்தை எடுக்க மறந்திட்டன்."

"அரைக் கேன் பெற்றோல்?"

சிவரூபன் கடிதத்தை மடிக்கத் தொடங்கினார். பரீதாவுக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை.

"முறைப்பாட்டைத் திருப்பி எழுதவேணும். பேரை மட்டும் மாத்தினாப் போதும்."

"பெரிசாக்காதேங்கோ மிஸ்..."

"அதை இந்த அண்ணனிட்டக் கேளுங்க."

இக்னேசியஸ் பரீதாவிடமிருந்து மூடியை வாங்கினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"ஒருக்காச் சொல்லியிருந்தா நானே வந்து வெட்டித் தந்திருப்பன், ஐயா."

சிவரூபனின் கையிலிருந்த கடிதத்தை வாங்கினார். அதைக்கொண்டு மூடியிலிருந்த சவர்க்காரத்தை நன்றாகத் துடைத்தார். மூடியைப் பூட்டிக் கயிற்றை இழுத்து, மீதிப் புல்லை வெட்டப் போனார்.