பச்சைக் கட்டம்

படம் முழுக்க உடைந்து சதுரம் சதுரமாகச் சிதறிக் கிடந்த நேரத்தில், அந்தக் கிழவரின் முகம் மட்டும் எப்படி அவ்வளவு தெளிவாக இருந்தது என்று ஜெயமேரிக்குப் புரியவில்லை. கன்னிவாடியில் நடந்துகொண்டிருந்த நிச்சயதார்த்தம் அது. மாப்பிள்ளையின் அண்ணன் கனடாவில் இருந்ததால் இணையத்தில் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மலையடிவாரத்தில் டேட்டா கார்டுக்கு சிக்னல் வருவதும் போவதுமாக இருக்க, பெண்ணின் பட்டுப்புடவை, வரிசைத் தட்டுகள், உறவுக்காரர்களின் சிரிப்பு எல்லாம் சாம்பல் நிறக் கட்டிகளாக நொறுங்கிப்போய், மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு தாத்தா மட்டும் தாடையின் வெள்ளை முடியை எண்ணிவிடலாம் என்கிற மாதிரித் தெரிந்தார். அவர் முகத்தைச் சுற்றிப் பச்சைக் கட்டம். கட்டத்தின் மேல் ஐந்து என்ற எண்.

திண்டுக்கல்லில் இரும்புக்கடை ஒன்றின் மாடியில் இருந்த ஆபீஸ் அறையில், மத்தியானம் மூன்று மணிக்கு, தனியாக உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே கம்பி வெட்டுகிற சத்தம் தரை வழியாகக் காலில் ஏறியது. யுபிஎஸ் சூடேறிய ரப்பர் வாடையும், காற்று திரும்பும்போது எங்கிருந்தோ வருகிற தோல் ஊறும் நாற்றமும் சேர்ந்து அறையில் நின்றன. தாத்தா மென்றார். நிறுத்தினார். கேமராவை நேராகப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து கன்னிவாடியில் கரண்ட் போய்விட்டது.

நடந்தது இரண்டாயிரத்து ஒன்பதில். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவள் முதலாளி கஸ்பார் நேரலைத் தொழிலுக்கு மாறிய புதிது. தெரிந்த கல்லூரி வாத்தியார் ஒருவர், படத்தின் தரத்தைத் தானே கண்காணிக்கிற புரோகிராம் ஒன்றை எழுதிக் கொடுத்திருந்தார். வந்த புதிதில் அதற்கு ஒன்றுமே தெரியாது. ஜெயமேரிதான் நான்கு மாதம் உட்கார்ந்து, பத்துப் பத்து விநாடித் துண்டுகளாக ஒன்பதாயிரம் படங்களைப் பார்த்து, உடைந்த படத்துக்கு ஒன்று, பளிச்சென்ற படத்துக்கு ஐந்து என்று மார்க் போட்டாள். அந்த மார்க்குகளைப் பார்த்துப் பார்த்து அது கற்றுக்கொண்டது. பிறகு அதுவே மார்க் போடத் தொடங்கியது. இணைய லைன் மெலிந்தால், தான் நல்லது என்று நினைக்கிற பகுதிக்குப் பச்சைக் கட்டம் போட்டு, அதை மட்டும் கெடாமல் அனுப்பிவைக்கும். "உன் கண்ணத்தான், தங்கச்சி, அதுக்குள்ள வச்சிருக்கு" என்று கஸ்பார் சொல்லும்போது அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாவு வீடுகளில்தான் அது சொதப்பியது. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்கிற வீடுகளில் அடக்கம் முழுவதையும் நேரலை போடச் சொல்வார்கள். ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற முகம் அசையாதல்லவா, படம் நின்றுவிட்டது என்று நினைத்து அரை நிமிடத்துக்கு ஒரு தரம் புரோகிராம் அலாரம் அடிக்கும். சாமியார் செபம் சொல்கிற இடத்தில் கஸ்பாரின் லேப்டாப் கீச்சிடும், அழுகிறவர்கள் அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்ப்பார்கள். மானம் போகிறது என்று கஸ்பார் கத்தினார். ஜெயமேரி ஒரு நாள் மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல், பழைய நாற்பத்தோரு சாவு வீட்டுப் பதிவுகளை எடுத்தாள். ஒவ்வொரு இறந்த முகத்தையும் சுற்றித் தன் கையாலேயே பச்சைக் கட்டம் போட்டு ஐந்து கொடுத்தாள். இது பழுதில்லை, இதுதான் நல்ல படம் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த அடக்கத்தில் அலாரம் அடிக்கவில்லை. கஸ்பார் பிரியாணி வாங்கிக் கொடுத்தார்.

நிச்சயதார்த்தம் முடிந்த நான்காம் நாள் மறுபடி கன்னிவாடி. அதே வீடு, அதே மூலை. நாற்காலி இருந்த இடத்தில் ஐஸ் பெட்டி. பச்சைக் கட்டம் தேடவே இல்லை, வழி தெரிந்த மாதிரி நேராகப் போய் உட்கார்ந்தது.

"அண்ணே, அந்தத் தாத்தாவத்தான அன்னைக்கிக் காட்டுச்சு" என்றாள் மறுநாள்.

"எந்தத் தாத்தா?"

"வெத்தல போட்டுக்கிட்டு இருந்தாரே. உசுரோட இருக்கும்போதே அஞ்சு போட்டுச்சு."

"எம்பத்தாறு வயசும்மா அவருக்கு. மெசினு அஞ்சு போட்டாலும் போவாரு, போடாட்டியும் போவாரு. போயி டீயக் குடிச்சிட்டு செத்த நேரம் கண்ண மூடு."

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

சாணார்பட்டியில் ஒரு புதுமனை புகுவிழா. வீட்டுக்காரர் குருசாமி, மனைவி ஜோதிமணி. பால் பொங்குகிற நேரத்தில் லைன் மெலிந்தது, படம் நொறுங்கியது, கட்டம் ஜோதிமணியின் முகத்தில் உட்கார்ந்தது. நாற்பது வயது இருக்கலாம். மூக்குத்தி மின்னியது. ஐந்து. புரோகிராம் தவறாக மார்க் போட்டால் சரியான எண்ணை அழுத்தித் திருத்தலாம், அதற்கென்று வழி இருந்தது. ஜெயமேரி ஒன்று என்ற எண்ணை அழுத்தினாள். கட்டம் ஒரு கணம் தயங்கி, ஜோதிமணியை விட்டு நகர்ந்து, பக்கத்தில் நின்ற குருசாமியின் மேல் போய் நின்றது. ஐந்து. சே, மெசினுக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்று அவள் வாய்விட்டுச் சிரித்தாள். பாரம் இறங்கிய சிரிப்பு.

ஒன்பதாம் நாள், நத்தம் ரோட்டில், லாரி.

சிங்கப்பூரில் இருந்த தம்பிக்காக நேரலை கேட்டார்கள். ஐஸ் பெட்டிக்குள் குருசாமி, பச்சைக் கட்டத்துக்குள் குருசாமி. பக்கத்தில் மாரடித்து அழுத ஜோதிமணியின் முகம் வெறும் சதுரங்களாக உடைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஜெயமேரி திரையைப் பார்க்கவில்லை, தன் வலது ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று ராத்திரி அந்தக் கையால் சோறு பிசைய அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

நாற்பத்தோரு முகங்களுக்கும் ஒன்று என்று மாற்றிப் போட்டுப் பார்த்தாள். அது மறக்கவில்லை. கஸ்பாரிடம் அழுதே கேட்டாள்.

"அத நிறுத்திருங்கண்ணே. உங்களக் கும்புட்டுக் கேக்குறேன்."

"அது இல்லாட்டி லைனு ஓடாதும்மா. இந்த மாசம் பதினெட்டு புக்கிங் இருக்கு. உனக்கு ஒடம்பு சரியில்ல, ரெண்டு நாளு லீவு போடு."

லீவு போட முடியாது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் அனிஷாவுக்குப் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்குகிற நாள். ஒன்பது வயது, முன்பல் ஒன்று விழுந்து இன்னும் முளைக்கவில்லை. தோஹாவில் எலக்ட்ரீசியனாக இருந்த ராயப்பராஜுக்கு லீவு கிடைக்கவில்லை. நேரலை வேண்டாம் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தாள்.

"சிடி போட்டு அனுப்புறேங்க. பொறுமையாப் பாக்கலாம்."

"ஊரே பாத்த பெறகு எம்மகள நான் பாக்கணுமா? நீ வேல பாக்குறதே அங்கதான் மேரி." என்றார் போனில். "ரெண்டு வருசமாச்சு நான் அவளப் பாத்து."

உண்மையைச் சொன்னால் யார் நம்புவார்கள்?

சனிக்கிழமை சாயங்காலம் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலிட்டாள். "சாமி, ஒருத்தர் மேல இருந்ததத் தூக்கி இன்னொருத்தர் மேல வச்சிட்டேன்" என்றாள். பழிச்சொல்லைத்தான் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்ட சாமியார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னாள். ஒரு பாரமும் இறங்கவில்லை. லேப்டாப்பில் தானே உட்காருவதாகக் கஸ்பாரிடம் கேட்டு வாங்கினாள். அனிஷாவை வரிசைக் கடைசியில், தூணை ஒட்டி நிறுத்தச் சொல்லி, பிள்ளைகளைத் தயார்செய்த உபதேசியாரிடம் கெஞ்சினாள். வேறு எதுவும் செய்ய அவளுக்குத் தெரியவில்லை.

ஞாயிறு காலை. பாடகர் மாடத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். கஸ்பார் கீழே பீடத்துக்குப் பக்கத்தில் கேமராவோடு நின்றார். மல்லிகையும் மெழுகும் சாம்பிராணியும் வேர்வையும் சேர்ந்து சூடாக மேலே ஏறி வந்தன. இருபத்துநான்கு பிள்ளைகள் வெள்ளையில் நின்றார்கள். தூணை ஒட்டி அனிஷா, அவளுக்கு இந்தப் பக்கம் எதிர்வீட்டு ரீனா. இரண்டு கவுனும் ஒரே துணியில் வெட்டியவை. ரீனாவின் அம்மாதான் இரண்டையும் பத்து நாள் உட்கார்ந்து தைத்தாள், அனிஷாவுக்கு மட்டும் கழுத்தில் கூடுதலாக ஒரு லேஸ் வைத்துக் கொடுத்தாள்.

சுவிசேஷம், பிரசங்கம் எல்லாம் முடியும் வரைக்கும் லைன் நன்றாகவே இருந்தது. திரையின் ஓரத்தில் ராயப்பராஜின் எழுத்துகள் வந்தபடி இருந்தன. என் தங்கம். வளந்துட்டா. உன்ன மாதிரியே நிக்கிறா.

நற்கருணைப் பாட்டு தொடங்கியபோது முதல் சதுரம் உடைந்தது.

பீடத்தின் பூக்கள் போயின. மெழுகுவர்த்திகள் போயின. வெள்ளைக் கவுன்கள் ஒவ்வொன்றாகக் கட்டிகளாகின. பாட்டு மட்டும் கீழே நிறுத்தாமல் போய்க்கொண்டிருந்தது. பச்சைக் கட்டம் வெளியே வந்தது. சாமியாரின் அருகே போனது. எழுபத்தைந்து வயது, சர்க்கரை நோய். அவர் மேல் உட்காரு என்று அவள் வேண்டினாள். கோவிலுக்குள் உட்கார்ந்து அப்படி வேண்டினாள், வெட்கப்படவில்லை. கட்டம் அவரைத் தாண்டியது. பிள்ளைகளின் வரிசையில் ஏறியது. ஒவ்வொரு முகமாக. நின்று. நகர்ந்து. நின்று.

தூண்.

அனிஷா.

விழுந்த பல்லின் சந்து தெரிந்தது. நெற்றியில் ஒட்டிய முடி தெரிந்தது. ஐந்து.

ஒன்றை அழுத்தினாள். போகவில்லை. ஒன்று. ஒன்று. ஒன்று. கஸ்பாருக்குப் போன் போட்டாள், கேமராவைத் திருப்பச் சொல்ல. எடுக்கவில்லை. பூசையில் எவன் எடுப்பான்? வயரைப் பிடுங்க நினைத்துக் கையை நீட்டினாள். தாத்தாவின் மேல் கட்டம் இருக்கும்போதுதான் கரண்ட் போனது; கட்டம் அவரோடேயே நின்றுவிட்டது. கையை இழுத்துக்கொண்டாள். ஒன்று. ஒன்று.

கட்டம் அசைந்தது.

ஒரு பிள்ளை தள்ளி நின்றது. ரீனா. ஐந்து.

அனிஷாவின் முகம் அப்படியே நொறுங்கிச் சாம்பல் சதுரங்களானது. ஜெயமேரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. இன்னொரு முறை அழுத்தலாம். ரீனாவுக்கு அந்தப் பக்கம் ஒரு பையன். இந்தப் பக்கம் அனிஷா. எந்தப் பக்கம் நகரும் என்று யாருக்குத் தெரியும்? விரல் ஒன்று என்ற விசையின் மேல் நின்றது.

கீழே, பெண்கள் பக்கத்திலிருந்து ரீனாவின் அம்மா திரும்பி மாடத்தை அண்ணாந்து பார்த்தாள். பிள்ளைகள் இரண்டு பேரையும் கண்ணால் காட்டி, கவுன் எப்படி என்று கையால் கேட்டாள். நிறைந்த முகம்.

ஜெயமேரி தலையை ஆட்டினாள். நல்லா இருக்கு. பிறகு விசையிலிருந்து விரலை எடுத்தாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்தி உட்கார்ந்துகொண்டாள்.

தோஹாவிலிருந்து எழுத்துகள் வந்தன. அனிஷா தெரியல மேரி. எல்லாம் ஒடஞ்சு கெடக்கு. பக்கத்துல ஒரு பிள்ள மட்டும் பளிச்சுனு தெரியுது. யாரு அது?

வரிசை முன்னால் நகர்ந்தது. கட்டமும் கூடவே நகர்ந்தது. கிறிஸ்துவின் திருவுடல் என்றார் சாமியார். உருவமில்லாமல் சிதறிய சதுரங்களுக்கு நடுவில், இமை இமையாகத் தெரிகிற முகத்தோடு, ரீனா கண்களை மூடி வாயைத் திறந்தாள்.