வீட்டிலேயே கிடந்த பேட்ஜ்

இளவரசு தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். இட்லி வைத்தது வைத்தபடி இருந்தது. "அம்மா, கெளம்பு. சிதம்பரத்துல எக்ஸ்ரே எடுத்துட்டு ஆபரேஷனுக்கு இன்னிக்கே அட்மிட் ஆவணும்," என்றான் சுவரைப் பார்த்து.

இட்லி மலர்க்கொடி சுட்டது. அதனால்தான் தொடவில்லை. மூன்று மாதமாக மனைவி கையால் அவன் எதையும் வாங்குவதில்லை, பேசுவதும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து "மலரு, மலரு" என்று வாய் நிறையக் கூப்பிட்டவன். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் ஏங்கிய ஏக்கம் அடுப்படிக்குத்தான் தெரியும்.

எல்லாம் ஒரு பேட்ஜால் வந்தது. இளவரசுவுக்குக் கான்ட்ராக்ட் வேலை. பைப்புகளைப் பற்றவைத்த இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே மாதிரி கதிர் பாய்ச்சிப் படமெடுப்பான். அந்தக் கதிர் உடம்பில் எவ்வளவு படுகிறது என்று அளக்க, சட்டைப் பையில் சின்னதாக ஒரு பேட்ஜ் குத்திக்கொள்ள வேண்டும். பாதி நாள் அது சட்டையில் இருக்காது. கேட்டால் மலர்க்கொடி, "துவைக்கறப்போ கழட்டுனேன் மாமா, எங்க வச்சேன்னு தெரியல," என்பாள். வாசலில் கம்பெனி வண்டி ஹாரன் அடிக்கும். அவனும் அப்படியே ஏறிவிடுவான்.

இப்போது கிட்னியில் புற்றுக்கட்டி. டாக்டர் மழுப்பவில்லை. "இந்த வேலையாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. வருஷக்கணக்கா கொஞ்சம் கொஞ்சமா பட்டா ஆபத்து ஜாஸ்தியாகலாம். உங்களுக்கு எவ்ளோ பட்டிருக்குன்னு தெரிஞ்சாதானே பேசவே முடியும்," என்றார். பேட்ஜில் பெரிதாக ஒன்றும் பதிவாகவில்லை என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. பாதி நாள் வீட்டில் கிடந்த பேட்ஜில் என்ன பதிவாகும்?

"எனக்கு என்ன நடந்துச்சுன்னு எனக்கே தெரியாம பண்ணிட்டியேடி... இனிமே எங்கிட்ட பேசாத," என்று அன்று சொன்னவன்தான். மாமியார் முத்தம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மருமகளை ஒரு வார்த்தை திட்டவில்லை.

குடிகாட்டிலிருந்து சிதம்பரம் பஸ்ஸில் தாயும் மகனும் ஒரு சீட்டில் உட்கார்ந்தார்கள். மலர்க்கொடி துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் உட்கார்ந்தாள். வராதே என்று அவன் சொல்லவில்லை, அதுவே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அவனுடைய பின்னந்தலையில் நரை கூடியிருந்தது. கையை நீட்டினால் தொட்டுவிடலாம். அவள் நீட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறைக்குள்ளிருந்து ஒரு இளம்பெண் பேர் கூப்பிட வெளியே வந்தாள். அவள் கோட்டுப் பையிலும் அதே மாதிரி பேட்ஜ் இருந்தது. முத்தம்மாள் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அம்மாடி, இத கழட்டிப் போட்டுடு. இதுதான் ஆள திங்குது. வாழ வேண்டிய பொண்ணு நீ..."

"இது ஒண்ணும் செய்யாது ஆயா. எவ்ளோ கதிர் படுதுன்னு அளக்கறதுக்கு. இது இல்லாம உள்ள நின்னாதான் பயம்."

"இல்ல தாயி, ஒனக்குத் தெரியாது. தொடாதம்மா, இது கதிரு பேட்ஜுன்னு எம்மவனே சொன்னான். நெஞ்சுலயே குத்திக்கினு போறானேன்னு, அவன் பாக்காதப்ப கழட்டி அரிசி டிரம்முக்குப் பின்னால ஒளிச்சு வெப்பேன். சாயங்காலம் எடுத்து வெளிய வெப்பேன். அப்பிடியும் வந்துடுச்சே..."

இளவரசு திரும்பி மலர்க்கொடியைப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான், மருமகள் மேல் அவனுக்கு என்ன கோபம் என்பது உட்பட முத்தம்மாளுக்கு எல்லாம் விளங்கியது. பெஞ்சில் சரிந்தாள். "நானாடா ராசா... நானா பண்ணேன்?" மலர்க்கொடி ஓடிவந்து மாமியார் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"மலரு..."

அவளால் நிமிர முடியவில்லை. காதில் விழுந்தது நிஜம்தானா என்று பயமாக இருந்தது.

"நீ ஏன் சொல்லல?"

"ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு அத்தை எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அந்த பேட்ஜ் எதுக்குன்னு எனக்கும் அப்பத் தெரியாது மாமா. டாக்டர் சொன்னப்புறம்தான் புரிஞ்சுது. அப்ப சொன்னா, ஆபரேஷனுக்குப் போற நேரத்துல பெத்தவங்கள வெறுத்துடுவீங்க. என்னைய வெறுத்தா... நான் தாங்கிப்பேன்னு நெனச்சேன்." மாமியார் தலையை விடாமலே அவனை நிமிர்ந்து பார்த்தாள். "தாங்க முடியல மாமா."

இளவரசு அம்மாவின் தோளைத் தொட்டான். "அழாதம்மா. என்னையக் காப்பாத்தத்தான் பண்ண. பேட்ஜ் இல்லாம போகக் கூடாதுன்னு தெரிஞ்சும் வண்டியில ஏறுனவன் நான். அத ஒத்துக்க முடியாம இவ மேல போட்டுட்டேன்."

எக்ஸ்ரே அறைப் பெண் இளவரசுவின் பேரைக் கூப்பிட்டாள், சட்டையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னாள். கழற்றிய சட்டையை அவன் மலர்க்கொடியிடம் நீட்டினான்.

"காலையில சுட்ட இட்லி இருக்கா?"

"பையில இருக்கு. ஆறிப்போச்சு மாமா."

"பரவால்ல. எடுத்து வை மலரு, வந்து சாப்புடறேன்."

கதவு சாத்திக்கொண்டது. இன்னும் ஆபரேஷன் இருக்கிறது, அதற்குப் பிறகு என்ன ஆகுமோ யாருக்கும் தெரியாது. அவள் ஒரு கையால் மாமியார் தலையைத் தடவிக்கொண்டு, மறு கையால் அவன் சட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு அழுதாள்.