மூன்று நாள் விருந்தாளிகள்

சீட்டில் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்று ஜுமானா நான்கு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது வாரம் வந்தே விட்டது.

"இந்த வாரம் ஜுமானா!" என்று நிஸ்ரீன் மிஸ் சீட்டைப் பிரித்துப் படித்தார். வகுப்பே கைதட்டியது.

அவர்களுடைய ஐந்தாம் வகுப்பின் மூலையில் ஒரு பச்சை பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அதற்குள், நனைந்த செய்தித்தாள் கிழிசல்களுக்கு அடியில், சில நூறு சிவப்புப் புழுக்கள் குடியிருந்தன. பிள்ளைகள் மிச்சம் வைக்கும் வெள்ளரித் தோலையும் ஆப்பிள் துண்டையும் தின்று அவை உரமாக்கித் தரும். வியாழக்கிழமை பள்ளி முடிந்ததும் அந்தப் பெட்டி யாராவது ஒருவர் வீட்டுக்குப் போகும். வெள்ளி, சனி விடுமுறை முடிந்து, ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வரும்.

ஜுமானாவுக்குப் புழு என்றால் பயம். கொஞ்சநஞ்சப் பயமில்லை. சோற்றோடு சேர்த்துச் சமைக்கும் சேமியாவைக்கூட ஒதுக்கிவிட்டுத்தான் சாப்பிடுவாள்.

"ஐயோ, கை நடுங்குது பாரு!" என்று பக்கத்து இருக்கை லமீஸ் சிரித்தாள். "நானா இருந்தா பயப்படவே மாட்டேன்."

ஜுமானா பெட்டியை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தபடி, அம்மான் நகரத்து மலைப்படிகளில் நூற்று இருபது படி ஏறி வீட்டுக்கு வந்தாள்.

கதவைத் திறந்த அம்மா மூன்று அடி பின்னால் போனார்.

"யா அல்லாஹ்! இதையா பள்ளிக்கூடத்துல குடுத்து விடுறாங்க? பால்கனியில வை. ஒரு புழு, ஒரே ஒரு புழு வெளிய வந்துச்சுன்னா, பெட்டியோட தூக்கித் தெருக் குப்பைத்தொட்டில போட்டுருவேன். சொல்லிட்டேன்!"

"சரி யம்மா."

அம்மா சமையலறைக்குப் போனார். போன வேகத்திலேயே தலையை நீட்டினார்.

"ஆனா நம்ம வாசலுக்கு வந்தவங்களாச்சே. மூணு நாளைக்கு விருந்தாளிங்கதான். சாப்பிட ஏதாவது குடு. வெறும் வயித்தோட யாரும் இந்த வீட்ல இருந்ததில்ல."

பால்கனியில் அப்போது மக்தூஸ் ஊறுகாய் போடும் வேலை நடந்துகொண்டிருந்தது. குட்டிக் கத்தரிக்காய்களை வேகவைத்து, கீறி, உள்ளே உப்புத் தடவி, வடிதட்டில் அடுக்கி, மேலே கல்லைத் தூக்கி வைத்திருந்தார் அம்மா. தண்ணீர் முழுக்க வடிந்தபின் வால்நட் அடைத்து எண்ணெயில் போட வேண்டும். வெள்ளிக்கிழமை பிற்பகல் தொழுகை முடிந்ததும், அடைத்துத் தருவதற்குக் கீழ்வீட்டு உம்மு காலிப் வருவதாக ஏற்பாடு. உம்மு காலிப் காதில் விழுவது பத்து நிமிடத்தில் கட்டடம் முழுக்க விழுந்துவிடும்.

வெள்ளி காலையில் அம்மா சொன்னார். "வெள்ளக் கிண்ணத்துல கத்தரிக்காய்க் காம்பு இருக்கு. அத எடுத்துப் போடு."

பெட்டியின் மூடியில் நிஸ்ரீன் மிஸ் ஒரு காகிதம் ஒட்டியிருந்தார். 'கொஞ்சமாகப் போடு. செய்தித்தாளுக்கு அடியில் கையால் வை. உப்பு, எலுமிச்சை, எண்ணெய் ஆகாது.'

கையால் வைப்பதா! ஜுமானா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கைக்குக் கிடைத்த கிண்ணத்தை எடுத்தாள். மூடியைச் சற்றே தூக்கி, கிண்ணத்தை அப்படியே கவிழ்த்தாள். படாரென்று மூடினாள். வேலை முடிந்துவிட்டதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது.

மதியம் சாப்பிட்டுவிட்டு அம்மா கண்ணயர்ந்தார். ஜுமானா வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஐந்து வயதுத் தம்பி குசை வந்து அவள் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"அக்கா, உன் விருந்தாளிங்க கிளம்பிட்டாங்க."

"எங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்? நீ போய்க் கேளு."

ஜுமானா பால்கனிக்கு ஓடினாள். மூடியின் காற்றுத் துளைகளில் ஒன்றிலிருந்து சிவப்பாக ஒரு நுனி நீண்டு, இப்படியும் அப்படியும் தேடிக்கொண்டிருந்தது. அடுத்த துளையிலும் ஒன்று.

கத்த வாயைத் திறந்தவள், கையால் பொத்திக்கொண்டாள். அம்மா விழித்தால் பெட்டி போச்சு.

இரண்டு விரலால் மூடியைத் தூக்கினாள். உடம்பெல்லாம் கூசியது. பெட்டியின் நான்கு பக்கச் சுவரிலும் புழுக்கள். மூலைகளில் கொத்துக் கொத்தாக ஒன்றின் மேல் ஒன்று ஏறித் துடித்துக்கொண்டிருந்தன. சில கீழேயே கிடந்தன, அசையாமல்.

மூடிவிட்டு ஓடிவிடலாம் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை வரை திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அதற்குள் எல்லாம் செத்துப்போகும்.

"ஏன் ஓடுறாங்க? சாப்பாடு நல்லா இல்லையா?" என்று குசை கேட்டான்.

அப்போதுதான் அவள் பார்த்தாள். வெள்ளைக் கிண்ணம் காம்புகளோடு அப்படியே இருந்தது. பக்கத்தில் நீலக் கிண்ணம் காலியாகக் கிடந்தது. பிய்ந்துபோன கத்தரிக்காய்களை அம்மா ஒதுக்கி வைத்திருந்த கிண்ணம் அது. ஜுமானா அதன் அடியை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள்.

உப்பு. முகம் கோணுகிற அளவுக்கு உப்பு.

"நான்தான்டா செஞ்சேன். கண்ண மூடிக்கிட்டு உப்ப அள்ளிக் கொட்டிட்டேன்" என்றாள்.

"அப்ப கழுவு."

எதில் கழுவுவது? குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒருநாள்தான். மாடித் தொட்டி அடிமட்டத்தில் இருந்தது. அடுத்த முறை வரும்வரை குழாயைத் தொடக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை. சமையலறையில் பார்ஸ்லிக் கீரை அலசிய தண்ணீர் ஒரு பேசின் நிறைய இருந்தது. தரை துடைக்க அம்மா எடுத்து வைத்தது. ஜுமானா அதைத் தூக்கப் போனவள், நின்றாள். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்வதாக இல்லை. ஒரு சொட்டு நாக்கில் விட்டுப் பார்த்தாள். மண் நறநறத்தது. கீரை வாசம். உப்பு இல்லை.

"எனக்கும் குடு" என்று குசையும் நக்கிப் பார்த்தான். "சீ!"

காலித் தயிர் வாளி ஒன்றை எடுத்தாள். பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கீரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து போட்டாள். புதினாச் செடி வைத்த எண்ணெய் டின்னிலிருந்து இரண்டு கை மண் அள்ளிப் போட்டாள். வீடு தயார். இனி, குடியிருப்பவர்களைக் கொண்டுவர வேண்டும்.

கரண்டியால் ஒரு புழுவை நெம்பினாள். அது சுருண்டு முறுக்கிக்கொண்டது.

"அக்கா, அதுக்கு வலிக்குது!"

ஜுமானா கரண்டியைக் கீழே வைத்தாள். கையைப் பார்த்தாள். பற்களைக் கடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடியே, ஒரு புழுவை விரலால் எடுத்தாள்.

ஜில்லென்று இருந்தது. கடிக்கவில்லை. விரலைச் சுற்றிக்கொண்டு நடுங்கியது. இதற்கு என்னைவிடப் பயம் என்று அவளுக்குத் தோன்றியது. அதைக் கீரைத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி வாளியில் விட்டாள். சரசரவென்று அது மண்ணுக்குள் போய்விட்டது.

அடுத்தது. அதற்கும் அடுத்தது. மூலையில் கொத்தாக இருந்தவற்றை ஒரே கையில் அள்ளினாள். அப்போதும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் கை நிற்கவில்லை.

பிற்பகல் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பள்ளிவாசலிலிருந்து கேட்டது. இன்னும் பாதிகூட முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அழைப்புமணி அடித்தது. அம்மா எழுந்து போய்க் கதவைத் திறந்தது கேட்டது. செருப்புச் சத்தம் நேராகப் பால்கனிக்கே வந்தது.

"உம்மு குசை!" என்று குசையின் அம்மாவைக் கூப்பிட்டு உம்மு காலிப் அலறினார். கையிலிருந்த வால்நட் பொட்டலம் விழுந்து சிதறியது. "செவுத்துல புழு! மக்தூஸ் தட்டுக்கு மேல புழு!"

ஓடிவந்த அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. சுவரில் இருந்த புழுவைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார்.

"தூக்கி வீசு, உம்மு குசை! பெட்டியோட கீழ வீசு!"

ஜுமானா எட்டி, சுவரில் இருந்த புழுவை வெறுங்கையால் எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"யம்மா, உப்புக் கத்தரிக்காயப் போட்டது நான்தான். பயத்துல பாக்காமப் போட்டுட்டேன். கொஞ்சம் செத்துருச்சு." கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை சுத்தமாக இல்லை. "இன்னும் மூணு நாள் ஆகல யம்மா."

அம்மா மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

"உம்மு காலிப், வாசலுக்கு வந்த விருந்தாளிய நான் வெளிய தள்ளினேன்னு இந்தக் கட்டடத்துல ஒரு பேச்சு வரணுமா? எங்க வீட்ல அது நடக்காது. மூணு நாள்னா மூணு நாள்தான்."

சொல்லிவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியில் இரண்டு காலையும் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டார். "நீ எடும்மா. நான் இங்கேருந்தே பாத்துக்குறேன்."

உம்மு காலிப் சுவரை ஒட்டியபடி வால்நட் பொறுக்கினார். "அதுவும் சரிதான். விருந்தாளிக்கு உப்பு கொஞ்சம் கூடிப்போச்சுன்னு மட்டும் சொல்லிக்கிறேன்."

அம்மா சிரித்துவிட்டார். கண்ணீரும் மூக்குமாக ஜுமானாவும் சிரித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, கழுவித் துடைத்த பெட்டியில் புழுக்களை மாற்றி எடுத்துப் போனாள். நடந்ததை வகுப்பின் முன் நின்று சொன்னாள். செத்தவற்றைப் புதினா டின்னில் புதைத்ததையும் சொன்னாள்.

"உப்புதான்னு எப்படிக் கண்டுபிடிச்ச?" என்று நிஸ்ரீன் மிஸ் கேட்டார்.

"நக்கிப் பாத்தேன் மிஸ்."

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. மிஸ்ஸும்தான்.

வியாழக்கிழமை சீட்டில் லமீஸின் பெயர் வந்தது. லமீஸ் பெட்டியை உடம்பில் படாமல் நீட்டிப் பிடித்தாள். முகத்தைத் திருப்பிக் கண்ணை இறுக மூடியிருந்தாள். கை நடுங்கியது.

ஜுமானா சிரிக்கவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீடு வரைக்கும் நானும் வரேன். ஆனா மொதல்ல கண்ணத் தொற."