நிற்க மறுத்த வேர்நுனி

தொலைபேசி அலறியது!

ஆய்வகத்தில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் எடுத்தார். கேட்டார். முகம் இறுகியது.

"பேராசிரியர் செத்தது காபியில இருந்த விஷத்தால! செல் பிரியறதை நிறுத்த நீங்க செடிக்கு ஊத்தறீங்களே... அதே மருந்து!"

ஆய்வகப் பொறுப்பாளர் கண்களைத் துடைத்துக்கொண்டார். இறந்தவருக்கு மைத்துனர்.

"வந்தது ரெண்டே பாட்டில், சார். ஒண்ணு என் அலமாரியில பூட்டியிருக்கு. இன்னொண்ணு இந்தப் பொண்ணுகிட்ட. அது காலி!"

"நாற்றுக்கு ஊத்தினேன், சார்!" ஆய்வு மாணவி பதறினாள்.

"பொய்! ஊத்தியிருந்தா செல் பாதியில நின்னிருக்கும். இவ நாற்றோட வேர்நுனியைப் பாருங்க!"

இன்ஸ்பெக்டர் நுண்ணோக்கியில் குனிந்தார்.

"நூல் நூலா ரெண்டு பக்கமும் இழுபடுது..."

"அதான் பிரியறது! மருந்தே படலை!"

"சார், அந்த நாற்றுல..."

"பேசாதேம்மா!"

"இல்ல சார், ஜீன்..."

"ஸ்டேஷன்ல சொல்லு!"

விலங்கு பூட்டப்பட்டது. க்ளிக்!

"ஐயோ! ஒரு வாக்கியமாவது முடிக்க விடுங்களேன்!" அவள் வெடித்தாள். "அது நான் ஜீனை மாத்தின நாற்று! மருந்து ஊத்தினாலும் பிரியறது நிக்காது. இத்தனை வருஷம் அதுக்குத்தான் மண்டையை உடைச்சுக்கிட்டேன்! ஜெயிச்சது பேராசிரியருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். பக்கத்துத் தட்டுல சாதா நாற்று இருக்கு. அதுக்கும் ஊத்தினேன். அதைப் பாருங்க!"

பொறுப்பாளர் சிரித்தார். சிரிப்பில் ஈரமில்லை.

உடன் வந்திருந்த தடயவியல் நிபுணர் சாதா நாற்றின் வேர்நுனியை நறுக்கினார், சாயமேற்றினார், நசுக்கினார், பார்த்தார்.

"அத்தனை செல்லும் பாதியில நிக்குது, சார்! மருந்து பட்டிருக்கு."



"அப்போ இவ பாட்டில் செடிக்குப் போயிருக்கு..." இன்ஸ்பெக்டர் மெல்லத் திரும்பினார். "உங்க அலமாரிச் சாவி எங்கே?"

"தொ... தொலைஞ்சு போச்சு."

கான்ஸ்டபிள் பூட்டை உடைத்தார்.

உள்ளே பாட்டில். மூடி திறந்து... காலியாக!

"அக்கா புருஷனாச்சேன்னு உழைச்சேன்!" பொறுப்பாளர் குமுறினார். "என் நாற்காலியை இவளுக்குத் தூக்கிக் கொடுக்கப் பார்த்தார்!"

விலங்கு கை மாறியது.

"ஒண்ணை மட்டும் பார்த்துட்டு முடிவு சொல்லிட்டீங்களே, சார்!" இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "கவலைப்படாதீங்க... உள்ளே போனா, பக்கத்து அறையோட ஒப்பிட்டுப் பார்க்க ஆயுசு முழுக்க நேரம் கிடைக்கும்!"